சிலம்ச்சியில் போட்ட அரை ரூபாய்

ருக்மணி, சபாபதி, இந்த வாரத்து அத்தியாயத்தை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். பத்திரிகை என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

போன வாரம் நான் தோல் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லி நிறுத்தினேன். அடுத்தது மெட்ராஸ் போனதை எழுதுவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வேலூரில் அந்தக் காப்பி கிளப்பில் நடந்தது நடந்துவிட்டது.

பலகாரம் சாப்பிட்டு எழுந்ததும் பரிமாறினவர் கையில் ஓரணாவை வைத்தேன். வைத்துவிட்டு, கல்லாவில் இருந்தவர் காதில் விழும்படி, "இது நான் இவருக்குக் குடுத்தது" என்றேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சபாபதி சிரித்தான். ருக்மணிக்கு முகம் சுருங்கிவிட்டது. தெருவுக்கு வந்ததும், "இன்னாப்பா, ஓரணா குடுத்துட்டு ஊருக்கே தமுக்கு அடிக்கிறே?" என்று கேட்டாள்.

கேட்டது நியாயந்தான் அம்மா. நான் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நீ நினைத்துவிட்டாய். உன் அம்மாவும் இத்தனை வருஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றேன். அந்தக் கதை இது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காதர் சாயபு ஓட்டல்

ஆம்பூரில் தோல் மண்டிகளுக்குப் போகிற சந்தின் முனையில் காதர் சாயபு ஓட்டல் இருந்தது. எட்டு மேஜை. சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை வண்ணம். ஊர் முழுக்க ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பில் ஊறிய தோலும் மணந்துகொண்டிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு சாயபு ஓட்டலில் பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறப்பார்கள். அப்போது ஒரு கால்மணி நேரம் அந்தச் சந்துக்கு மட்டும் வேறு வாசனை வந்துவிடும்.

நான் அப்போது பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை பார்த்தேன். வீடு குடியாத்தத்தில். மாதம் ஒரு தரம் மாதிரித் தோல்களை மூட்டை கட்டிக்கொண்டு ஆம்பூர் மண்டிக்கு வருவேன். வேலை முடிந்ததும் சாயபு ஓட்டலில் சாப்பாடு. உங்கள் தாத்தாவுக்கு இது தெரியாது. தறியில் உட்கார்ந்தபடியே ஊருக்கெல்லாம் ஆசாரம் பேசுகிறவர் அவர். மகன் ஆம்பூரில் தயிர்ச்சோறு சாப்பிடுவதாகக் கடைசிவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டலில் கை கழுவ நாம் எழுந்துபோக வேண்டாம். மஸ்தான் பாய் நம்மிடம் வருவார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் மூக்கு வைத்த பித்தளைக் கெண்டி. மறு கையில் சிலம்ச்சி. கழுவுகிற தண்ணீரை ஏந்துவதற்கான வாயகன்ற பித்தளைப் பாத்திரம் அது. தோளில் துண்டு, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். எலுமிச்சைத் தோல் போட்டுக் காய்ச்சியிருப்பார். விரலை விட்டு நெய் போகிற வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஊற்றுவார். போதும் என்று நாம் சொல்லவேண்டிய அவசியமே வராது.

அவருடைய இரண்டு கையும் நிறைந்திருப்பதால் இனாமைக் கையில் கொடுக்க முடியாது. கடைசி ஊற்றுக்கு முன்னால் இடது கையால் ஒரு காலணாவை எடுத்து சிலம்ச்சித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அதுதான் வழக்கம். அவர் கெண்டியைக் கொஞ்சம் தாழ்த்தித் தலையைச் சாய்ப்பார். என்ன காசு என்று குனிந்து பார்க்கமாட்டார்.

இதில் ஒரு சட்டம் உண்டு. சிலம்ச்சியில் போட்ட காசு மஸ்தான் பாயுடையது. எங்கே ஆனாலும் சரி, தவறி விழுந்த காசு கல்லாவுக்குப் போகவேண்டும், தேடி வருகிறவருக்குக் கொடுப்பதற்காக. போட்டதா, விழுந்ததா என்று சொல்லக்கூடியவன் காசுக்காரன் ஒருவன்தான்.

விரல்

என் வேலை தோலைத் தரம் பிரிப்பது. ஆட்டுத் தோலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விட்டு ஒரு இழுப்பு இழுத்தால், இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஒரு தரம் எங்கள் ஷாப்பு முதலாளி என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு இருபது தோலை நீட்டினார். இருபதும் சரியாகச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு விரல்மேல் கர்வம். கடையில் புடவை வாங்கப் போனாலும் கண்ணை மூடித்தான் பார்ப்பேன். உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காலணாவும் அரை ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே அகலம். காலணா செம்பு, ஓரம் மழமழவென்று இருக்கும். அரை ரூபாய் வெள்ளி, ஓரத்தில் வரிவரியாக வெட்டு இருக்கும். குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நாயுடுவோடு சாப்பிட்ட நாள்

ஜெர்மன் சண்டை முடிந்து தோல் விலை இறங்கிக் கிடந்த காலம். அந்த மாதம் மண்டியில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தரகரைப் பார்த்தேன். கோபால் நாயுடு என்று பெயர். கோட்டு, கடிகாரச் சங்கிலி, நல்ல பேச்சு. பட்டணத்தில் தோல் பார்க்கிறவனுக்கு எப்போதும் இடமிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட வாருங்கள் என்று அவரை சாயபு ஓட்டலுக்கு அழைத்துப்போனேன்.

என்னிடம் இரண்டு அறை வைத்த சுருக்குப்பை இருந்தது. முன் அறையில் செம்பு, பின் அறையில் வெள்ளி. திரும்பும்போது ரயில் டிக்கெட்டுக்கென்று ஒரு அரை ரூபாய் வைத்திருந்தேன். காலையில் ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கியபோது அதை முன் அறையில் போட்டிருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

சாப்பிட்டோம். நாயுடு பட்டணத்துத் தோல் கிடங்குகளைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மஸ்தான் பாய் வந்தார், முதலில் அவருக்கு ஊற்றினார், பிறகு எனக்கு. நான் நாயுடுவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கை பைக்குள் போயிற்று, வட்டமாக ஒன்று அகப்பட்டது, தண்ணீருக்குள் போட்டேன். சோற்றுப் பருக்கையும் தண்ணீருமாக இருந்ததால் சத்தம்கூட வரவில்லை.

மஸ்தான் பாய் கெண்டியைத் தாழ்த்தினார். பிறகு, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு காரியம் செய்தார். கெண்டியையும் சிலம்ச்சியையும் மேஜைமேல் வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து, கையை நெற்றிவரைக்கும் கொண்டுபோய் எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

நாயுடுவின் கடிகாரச் சங்கிலிக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்தேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நாயுடு என் தோளைத் தட்டி, "கை தாராளம்யா உமக்கு. பட்டணத்துலகூட நான் இப்டிப் பாத்ததில்ல" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சாப்பாட்டுக்குக் கொடுத்ததைச் சொல்கிறார்போல என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு இவ்வளவு புகழ்ச்சி ஜாஸ்திதான். ஆனாலும் தினமும் செய்கிறவன் மாதிரி, "இதெல்லாம் இன்னா பெரிய விஷயம்" என்று சொல்லிவைத்தேன்.

டிக்கெட் ஜன்னலில் பின் அறையைத் திறந்தேன். வெள்ளி இல்லை. முன் அறையைத் திறந்தேன். எல்லாம் செம்பு. அப்போதுதான் அந்தச் சலாம் எதற்கு என்று புரிந்தது.

நாயுடு பக்கத்தில்தான் நின்றார். கேட்டால் கொடுத்திருப்பார். அவர் தட்டின தோள் இன்னும் சூடாக இருக்கும்போது எப்படிக் கேட்பது? மண்டியில் ஒரு வேலையை மறந்துவிட்டேன், நீங்கள் போங்கள் என்று அவரை வண்டியேற்றிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

கொடுத்ததைக் கேட்கலாமா

கம்மியாகக் கொடுத்துவிட்டால் பிறகு சேர்த்துக் கொடுக்கலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கை தவறி ஜாஸ்தியாகக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. நான் படித்தது நாலாவது பாரம் வரைக்கும். அதற்குமேல் படித்தவர்களுக்காவது தெரியுமோ என்னவோ.

எங்கள் ஷாப்பு குமாஸ்தா ஒருவர் ஒரு தீபாவளிக்கு, பேச்சு மும்முரத்தில், சலவைக்காரருக்கு இரண்டணாவுக்குப் பதில் நாலணாவைக் கொடுத்துவிட்டார். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார். அடுத்த தீபாவளிக்கு இரண்டணாவை நீட்டினார். "இந்த வருஷம் என் மேல இன்னா கோவம் உங்களுக்கு?" என்று சலவைக்காரர் கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து நாலணாதான் மாமூல். குமாஸ்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாரம் முன்னாலிருந்தே பேஜாராகத் திரிவார்.

அவர் முட்டாள் என்று நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் காரியத்தைக் கண்ணியமாக முடித்தவர் அவர் ஒருவர்தான்.

சந்து முனை வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மஸ்தான் பாயை ஓரமாகக் கூப்பிட்டு, பாய், காலணா என்று நினைத்துப் போட்டுவிட்டேன், டிக்கெட்டுக்குக் காசில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பார். நான் காலணாவைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இந்த அத்தியாயத்தை எழுதவேண்டி வந்திருக்காது.

பத்துப் பேர் குனிந்தார்கள்

படி ஏறினபோது மஸ்தான் பாய் உள் மேஜையில் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

கல்லாவிலிருந்து காதர் சாயபு கேட்டார். "இன்னா மொதலியாரே, திரும்பிட்டீங்க? ஏதாச்சும் வுட்டுட்டுப் போய்ட்டீங்களா?"

எனக்கு வேண்டிய பொய்யை அவரே செய்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"ஆமா சாயபு. ஒரு அரை ரூபா. இங்கதான் எங்கியோ வுழுந்துட்டுதுபோல."

சாயபு நல்ல மனிதர். வாடிக்கைக்காரன் காசு தொலைந்தது என்றால் பொறுக்கமாட்டார். எல்லாரும் கீழே பாருங்கள் என்று குரல் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஒருவர், கணுக்கால் வரைக்கும் வெந்து வெளுத்த கால், மண்டிபோட்டு மேஜைக்கு அடியிலேயே போய்த் தேடினார். நானும் குனிந்து தேடினேன். இதையும் சொல்லிவிடுகிறேன், நானும் தேடினேன்.

மஸ்தான் பாய் கெண்டியை வைத்துவிட்டு வந்தார். பெல்ட்டில் இருந்த சின்னப் பையின் பொத்தானைக் கழற்றி, அரை ரூபாயை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

எங்கே கிடைத்தது என்று சாயபு கேட்டார். சிலம்ச்சியில் என்றார் மஸ்தான் பாய்.

சாயபு என் பக்கம் திரும்பினார். "நீங்க போட்டீங்களா மொதலியாரே?"

இதுதான் அந்த இடம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. மஸ்தான் பாய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார். குனிந்திருந்த பத்துப் பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேரைக் குனியவைத்துவிட்டு, நான்தான் போட்டேன், திருப்பி வாங்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தோன்றிற்று.

"எப்டி வுழுந்திச்சின்னு தெரியல சாயபு" என்றேன்.

சாயபுவின் முகம் மாறிவிட்டது. "மஸ்தான்" என்றார். பாய் என்று சேர்க்காமல் அவர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கை களுவ அரை ரூபா யாராச்சும் இனாம் போடுவாங்களா? பாத்தவொடனே கேக்க வாணாமா? பெல்ட்டுல போட்டு பொத்தான் மாட்டிக்கினியே."

மஸ்தான் பாய் திறந்திருந்த பையின் பொத்தானை மாட்டினார். பிறகு, "நான் தப்பா நெனச்சிக்கினேன் மொதலாளி" என்றார்.

அவர் வாயைத் திறந்து, இவர் போட்டார், நான் சலாம்கூட வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போனவனைப் பத்துப் பேருக்கு முன்னால் பொய்யன் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அந்த மரியாதை அவரிடம் இருந்தது.

பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். "பரவால்ல, வுடுங்க சாயபு" என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி.

ஓசி டீ

டிக்கெட் ஜன்னலில் நீட்டுவதற்கு முன்னால் காசை எடுத்துப் பார்த்தேன். அத்தர் வாசனை வந்தது. மஸ்தான் பாயின் பெல்ட்டு வாசனை. டிக்கெட் போக மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஆம்பூர் போனபோது கெண்டியோடு வந்தவர் வேறு ஒரு ஆள். தண்ணீரைத் தொபுக்கென்று ஊற்றினார், என் சட்டைக் கை நனைந்தது. மஸ்தான் பாய் எங்கே என்று நான் கேட்கவில்லை. சாயபுவே சொன்னார். உங்கள் விஷயத்துக்கு அப்புறம் அவனை முன்னால் விடுவதில்லை, பின்னால் தேக்சா விளக்கப் போட்டிருக்கிறேன் என்றார். அன்றைக்கு உங்களுக்குச் சிரமமாகிவிட்டது என்று ஒரு டீயும் கொண்டுவரச் சொன்னார். காசு வேண்டாம் என்றார்.

ஏலக்காய் போட்ட டீ. மேலே ஆடை மிதந்தது. கோப்பையைத் தள்ளிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த மாதம் முழுக்க ஷாப்பில் எனக்கு வேலை ஓடவில்லை. முதல் தரத்தை இரண்டாம் தரக் கட்டில் போட்டேன். முதலாளி, உடம்புக்கு என்ன என்று கேட்டார். தோலை விரலில் வைத்து இழுக்கும்போதெல்லாம் அந்த வரிவெட்டு ஞாபகம் வரும். இத்தனை தெளிவான வரிவெட்டு எப்படி என் விரலுக்குத் தெரியாமல் போயிற்று?

சாயபு நம்பவில்லை

மூன்றாவது மாதம் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு போனேன். ஆனால் பாருங்கள், அப்போதும் கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்தேன். கடைசி ஆளும் போனபிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "அந்தக் காசு வுழல சாயபு. நான்தான் போட்டேன். காலணான்னு நெனச்சி கை மாறிப்போச்சி" என்றேன்.

சாயபு என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணில் ஈரம் வந்தது.

"மொதலியாரே, மஸ்தானுக்காக நீங்க பளியை ஏத்துக்கிறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? நீங்க தோலைத் தொட்டே தரம் சொல்றவரு. காலணாவும் அரை ரூபாவும் உங்களுக்குத் தெரியாதா?"

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பார்வையில் என் மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப்போல ஒரு வாடிக்கைக்காரர் இருப்பது என் ஓட்டலுக்கே பெருமை என்றார். மஸ்தானை மன்னித்துவிட்டேன், ஆனால் முன்னால் மட்டும் விடமாட்டேன், அது ஓட்டலின் பெயர் சம்பந்தப்பட்டது என்றார்.

நான் பின்கட்டுக்குப் போனேன்.

மஸ்தான் பாய் ஒரு பெரிய தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சை பெல்ட்டு இல்லை. கைலியை மடித்துக் கட்டியிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு வெளியே தலையை எடுத்தார்.

"சொல்லிட்டேன் பாய்" என்றேன்.

"காதுல வுழுந்திச்சி."

"அவரு நம்ப மாட்டேன்றாரு."

அவர் நாரைக் கீழே வைத்தார். "குசுகுசுன்னு சொன்னா எப்டி நம்புவாரு மொதலியாரே? அன்னிக்கி என்னெ பத்து பேர வெச்சிக்கினு இல்ல கேட்டாரு."

அரை ரூபாயைத் தனியாக முடிந்து கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. இப்போது வாங்கினால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள் என்றார். பிறகு, தேக்சாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

ஆம்பூரில் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் கை கழுவ ஊற்றுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். விருந்துக்கு வருகிற வியாபாரிகள் பிரியாணியில் கை வைப்பதற்கு முன்னால் மோதிரங்களைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். வைரம் பதித்தது, பச்சைக்கல் பதித்தது, பத்து இருபது மோதிரங்கள் விருந்து முடிகிற வரைக்கும் அவர் பெல்ட்டுப் பையில் இருக்கும். எது யாருடையது என்று ஒருநாளும் மாறினதில்லை. பதினைந்து வருஷமாக அப்படி.

"இந்த சீசன்ல மூணு கல்யாணம்" என்றார். "ஒருத்தரும் கூப்புடல."

மறுபடியும் தேக்சாவுக்குள் குனிந்துகொண்டார். நார் தேய்க்கிற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

அட்டை

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குப் பிறகு ஆம்பூர் வேலையை வேறொருவருக்கு மாற்றிவிடும்படி முதலாளியைக் கேட்டுக்கொண்டேன். சாயபு ஓட்டல் படியை நான் மறுபடி மிதிக்கவில்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, எங்கள் முதலாளி ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, கை கழுவ ஊற்றினவரிடம் மோதிரத்தைக் கொடுத்து வாங்கினதைச் சொன்னார். ஊற்றினவர் யார் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வேறு பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பின்கட்டிலிருந்து வந்த அன்று நான் நேரே தபாலாபீசுக்குப் போனேன். கவர் வாங்கவில்லை. அட்டை வாங்கினேன், இரண்டு. ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கோடியில், வேப்பமரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்.

காதர் சாயபுவுக்கு உருது எழுத்துத்தான் வரும். தமிழில் ஏதாவது காகிதம் வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற யாரையாவது கூப்பிட்டு எழுந்து நின்று படிக்கச் சொல்வார். நானே அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டியிருக்கிறேன். பகல் தபால் அவர் ஓட்டலுக்கு வருவது பன்னிரண்டரை மணிக்கு. மேஜைகள் எட்டும் நிறைந்திருக்கிற நேரம்.

முதல் அட்டையில், மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று ஆரம்பித்து அழகான வார்த்தைகளாகப் போட்டேன். படித்துப் பார்த்தால் அதிலும் நான் ஒரு பெரிய மனுஷனாகத்தான் இருந்தேன். கிழித்துவிட்டேன். இரண்டாவதில் இப்படி எழுதினேன்:

"காதர் சாயபுவுக்கு. உங்கள் ஓட்டலில் சிலம்ச்சியில் அரை ரூபாயைப் போட்டவன் நான்தான். காலணா என்று நினைத்துப் போட்டேன். திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, விழுந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொன்னேன். எல்லாரையும் தேடவைத்தேன். நீங்கள் போட்டீர்களா என்று கேட்டபோது இல்லாததைச் சொன்னேன். மஸ்தான் பாய் தனக்குக் கொடுத்த காசைத்தான் வைத்துக்கொண்டார். இதை இரக்கப்பட்டு எழுதவில்லை. நடந்தது இது."

கீழே என் பெயர், உங்கள் தாத்தா பெயர், குடியாத்தத்தில் எங்கள் தெரு, நான் வேலை செய்கிற ஷாப்பு எல்லாவற்றையும் எழுதினேன். ஆம்பூருக்கு வருகிற முதலியார்கள் பல பேர். வேறு யாரையும் நினைத்துவிடக்கூடாது.

சுற்றிலும் பார்த்தேன். பிளாட்பாரத்தில் அந்தக் கோடியில் ஒருவரும் இல்லை. எழுந்து நின்று, அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஓட்டலில் ஒருவர் படிக்கிறபடியே ஆரம்பத்திலிருந்து உரக்கப் படித்தேன். 'பொய் சொன்னேன்' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் தரம் கடைசிவரைக்கும் ஒரே சீராக வந்தது.

பிறகு ஸ்டேஷன் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டிக்குப் போய் அட்டையைப் போட்டேன்.